கொழுந்து குடித்தால் காளைகள் ஜெயிக்கும்

அக்டோபர் 9, வியாழன்

இன்று முதல் எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். தமயந்தி மாயவரத்தில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள், அதனால் வீட்டில் கேள்வி கேட்க ஆள் இல்லை.

பியரைப் பற்றி எழுதுகிறவர்களைப் போனில் படித்தேன். ஒருவருக்கு நுரையில் ஆரஞ்சுத் தோல் வாசம் வருகிறது. இன்னொருவருக்கு அடித்தொண்டையில் வறுத்த ரொட்டி. இவர்கள் குடித்தார்களா, பேக்கரிக்குப் போய் வந்தார்களா என்றே தெரியவில்லை. காரைக்காலில் இருந்துகொண்டு, விதவிதமாகக் கடையில் கிடைக்கிற ஊரில் இருந்துகொண்டு, நான் சும்மா இருப்பதாவது.

இன்றைய பியர்: புதிதாக வந்திருக்கும் கோதுமை பியர். நீராகாரம் மாதிரி கலங்கலாக இருக்கிறது. மோசமில்லை. ஆனால் முதல் பாட்டிலில் இருந்த ருசி மூன்றாவதில் இல்லை. நல்ல பியர் என்றால் கடைசி வரை முதல் வாய் மாதிரியே இருக்க வேண்டும். பத்துக்கு ஆறு.

நாளை கபடி லீக் ஆரம்பம். எங்கள் அணி காவிரி காளைகள், போன வருஷம் கோப்பை வாங்கிய அணி. வாங்கிக் கொடுத்ததே நாங்கள் நாலு பேர்தான் என்று நான் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். என் டைல்ஸ் கடைக்கு மேலே இருக்கும் அறையில், ஒரே டி.வி. முன்னால், அவரவர் நாற்காலியில் அவரவர் உட்கார்ந்து பார்த்தோம். சன்னல் பக்கம் பெட்ரோல் பங்க் பன்னீர். அடுத்து பி.டி. வாத்தியார் இருதயராஜ், அவர் போடும் மெரூன் பனியனை சீசன் முடியும்வரை துவைக்க மாட்டார். கதவோரம் மின்துறையில் வேலை பார்க்கும் சிவக்கொழுந்து. நடுவில் நான். ஆட்டம் முடியும்வரை யாரும் போனைத் தொடக் கூடாது. இதில் எதை மாற்றினாலும் தோல்விதான், அனுபவத்தில் சொல்கிறேன்.

கொழுந்து போன் செய்தான். வருவானாம், குடிக்க மாட்டானாம். போன சீசன் முடிந்த வாரம் அவனுக்கு வயிற்றில் ஏதோ கோளாறு, ரத்த வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். அதிலிருந்து தொடுவதில்லை. “ரொம்ப நல்லதுடா” என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அக்டோபர் 10, வெள்ளி

தோற்றோம். சொந்த ஊர் ஆட்டத்திலேயே தோற்றோம். ரெய்டு போன மதியழகன் கோட்டைத் தொட ஒரு விரல்கடை இருக்கும்போது காலைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள்.

பியர் வழக்கமான ஸ்ட்ராங். இதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, மனைவி சமையல் மாதிரி, இருக்கும்போது தெரியாது.

கொழுந்து எலுமிச்சை சோடாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆள் இளைத்து, முகம் தெளிந்து, கல்யாணத்தில் பார்த்த மாதிரி இருக்கிறான். ஆனால் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. பேசாமல் பார்க்கிறான். நான் கொடைக்கானலில் போலீஸ்காரனை ஏமாற்றிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பன்னீரும் வாத்தியாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். இவன் மட்டும், “தணி, இத போன வாரம் ஃபோன்லயும் சொன்ன. அதுக்கு முந்துன வாரமும் சொன்ன” என்றான்.

சொன்னால் என்ன. நல்ல கதையை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லலாம்.

அக்டோபர் 14, செவ்வாய்

மறுபடியும் தோல்வி. பியரில் புளிப்பு. கடைக்காரனிடம் கேட்டதற்கு இது புளிக்க வைத்தே செய்கிற வகை என்கிறான். நம்மை முட்டாளாக்கப் புது வழி. பத்துக்கு இரண்டு.

பன்னீர்தான் பேச்சை ஆரம்பித்தான், நான் இல்லை. “அதே டி.வி., அதே நாற்காலி, வாத்தியார் பனியன் அதே நாத்தம். போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் மாறுனது என்ன?” என்று கேட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி முறுக்கைக் கடித்தான்.

எல்லோரும் சோடா கிளாஸைப் பார்த்தோம்.

“ஏன்டா, மதியழகன் கால் வழுக்குனதுக்கு என் ஈரலா பொறுப்பு?” என்று கொழுந்து சிரித்தான். நாங்களும் சிரித்தோம். சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று.

அக்டோபர் 17, வெள்ளி

ஆடிய மூன்றிலும் தோல்வி. அட்டவணையில் கடைசி இடம். பேப்பரில் எங்களைக் காளை மாடு என்று போடாமல் அடிமாடு என்று போட்டிருக்கிறார்கள்.

ஆட்டம் முடிந்ததும் கொழுந்து தானே சொன்னான். “என்னாலதான்னா நான் வரல. வீட்ல பாத்துக்குறேன். புள்ளைக்கி பரிச்சை வேற வருது.”

வாத்தியார் விடவில்லை. “நீ வரலன்னா ஒன் நாற்காலி காலியா கெடக்கும். அது இதவிட மோசம். போன வருஷம் நாலு பேரா கெலிச்சோம், நாலு பேராத்தான் இருக்கணும்.”

“அப்ப என்ன பண்ணச் சொல்ற?”

இதை எழுதும்போது யோசிக்கிறேன், யாருமே ‘குடி’ என்று சொல்லவில்லை. இது முக்கியம். பிற்பாடு யாராவது கேட்டால் சொல்வதற்காகக் குறித்து வைக்கிறேன்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

தமயந்தி வரவில்லை. போனில் தீபாவளி வாழ்த்துச் சொன்னாள், யாரோ வாடிக்கையாளருக்குச் சொல்வது மாதிரி. அவளுக்கு அம்மா வீட்டுச் சாப்பாடு ருசித்துவிட்டது.

காலையில் எண்ணெய்க் குளியலுக்குப் பின் ஒரு பாட்டில். அதிரசத்துக்கும் பியருக்கும் ஒத்து வராது, மிக்சருக்குத்தான் வரும்.

கொழுந்தும் அவன் மனைவி தேன்மொழியும் பலகாரம் கொண்டுவந்தார்கள். அவன் கீழே கடைப் பையனோடு ஏதோ ஒயர் கோளாறு பார்க்கப் போனபோது தேன்மொழி என்னிடம் மெதுவாகப் பேசினாள்.

“அண்ணே, டாக்டர் கறாரா சொல்லிட்டாங்க. ஈரல் பாதிக்கு மேல சுருங்கிப்போச்சாம். இனிமே ஒரு சொட்டு பட்டாலும் நான் பொறுப்பில்லன்னுட்டாங்க. இவரு ஒங்ககூட மேட்ச் பாக்கப் போறேங்கறப்ப எங்கம்மா வேணாம்னுச்சு. நாந்தான் தணிகாசலம் அண்ணன் இருக்காங்க, பாத்துக்குவாங்கன்னு அனுப்பிவெச்சேன்.”

“நான் இருக்கறப்ப என்னம்மா கவல” என்றேன்.

நல்ல பெண். டாக்டர்கள் எல்லோரிடமும் இதைத்தான் சொல்கிறார்கள். எனக்கும்தான் போன வருஷம் ஒருத்தர் சொன்னார், நான் இருக்கிறேனா இல்லையா. அதிரசம் கொஞ்சம் கெட்டி.

அக்டோபர் 24, வெள்ளி

ஜெயித்துவிட்டோம். ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்துவிட்டோம். கை இன்னும் பரபரக்கிறது, எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

இடைவேளையில் ஒன்பது புள்ளி பின்னால் இருந்தோம். பன்னீர் எழுந்து ஒரு கிளாஸில் பியரை ஊற்றினான். யாருக்கு என்று சொல்லவில்லை. கொழுந்துக்கு எதிரே இருந்த முக்காலியில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டான். நுரை அடங்கும் சத்தம்கூடக் கேட்கிற மாதிரி இருந்தது அறை.

“வெளையாடாதீங்கடா” என்றான் கொழுந்து.

“யார்றா வெளையாடுறா?” என்றார் வாத்தியார். “அங்க ஏழு பேரு முட்டி பேந்து ஆடிக்கிட்டிருக்கான். நமக்காகத்தான் ஆடுறான். நீ ஒரு வாய் வெக்க மாட்டேங்குற.”

“தேனுக்கு சத்தியம் பண்ணிருக்கேன்டா.”

அவன் என்னைத்தான் பார்த்தான். அவர்கள் இருவரையும் இல்லை, என்னை. நான் ‘போதும், விடுங்கடா’ என்று சொல்வேன் என்று எதிர்பார்த்தான் போல. நான் டி.வி.யைப் பார்த்துக்கொண்டு, “வாய்ல வெச்சுட்டுத் துப்பிடேன். அது குடிச்ச கணக்குலயா வரும்?” என்றேன்.

வைத்தான். துப்பவில்லை. ஒரு வாய்தான். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது, கோயிலில் சாமி கும்பிடுகிறவனை உற்றுப் பார்ப்பது மாதிரி.

அடுத்த ரெய்டில் மதியழகன் மூன்று பேரைத் தொட்டுவிட்டு வந்தான். சத்தியமாக அடுத்த ரெய்டில். அப்புறம் அந்த அணியே சுருண்டது. கடைசி நிமிஷத்தில் நாலு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தோம். கொழுந்து மீதி கிளாஸையும் எடுத்துக் குடித்துவிட்டு, “போலீஸ்காரன் கதைய சொல்றா தணி” என்றான். சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

எங்கள் கொழுந்து திரும்பி வந்துவிட்டான். ரொம்ப நாளைக்குப் பிறகு இன்று நன்றாகத் தூக்கம் வரும் என்று தோன்றுகிறது.

பியர் சாதாரண லாகர். பத்துக்கு ஒன்பது போடுகிறேன், யார் கேட்பது.

அக்டோபர் 25, சனி

தலைவலி. கடையை மத்தியானம் திறந்தேன்.

நவம்பர் 1, சனி

நாலு ஆட்டத்தில் நாலு வெற்றி. ஆறாம் இடம்.

ஒரு வாய் என்பது இப்போது ஒரு பாட்டில். நாங்கள் ஏற்றவில்லை, அவனேதான். போன ஆட்டத்தில் நான் ஊற்றுவதற்கு முன்பே கிளாஸை நீட்டினான். “அணிக்காகத்தான்டா” என்று கண்ணடித்தான். வீட்டுக்குக் கிளம்பும்போது ஏலக்காயை மென்றுகொள்கிறான். தேன்மொழிக்கு ஏலக்காய் வாசம் பிடிக்குமாம்.

இன்று கறுப்பு பியர் வாங்கினேன். கடுங்காப்பியில் சர்க்கரை போட மறந்த மாதிரி இருக்கிறது. இதை ரசித்துக் குடிக்கிறவர்கள் கஷாயத்தையும் ரசிப்பார்கள். பத்துக்கு மூன்று. கொழுந்துக்குப் பிடித்திருந்தது. அவனுக்கு இப்போது எல்லாமே பிடிக்கிறது.

அவன் கண் கொஞ்சம் மஞ்சளாக இருக்கிறது. கம்பத்தில் ஏறி இறங்குகிற வேலை, தூக்கம் போதாது.

நவம்பர் 8, சனி

தோற்றோம். நாலு வெற்றிக்குப் பிறகு இப்படி.

காரணம் எல்லோருக்கும் தெரியும். கொழுந்து தாமதமாக வந்தான், வந்தவன் பாதி கிளாஸோடு நிறுத்திவிட்டான். வயிறு உப்பிக்கொண்டு கல் மாதிரி இருக்கிறது, சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை என்றான். காலிலும் வீக்கம், செருப்புப் போடாமல் வந்திருந்தான்.

“நேத்து வாந்தில லேசா ரத்தம் தெரிஞ்சிச்சு, மாப்ள” என்று என்னிடம் மட்டும் சொன்னான்.

“காரமா ஏதாவது தின்னிருப்ப.”

“வெறும் தயிர்சாதம்.”

பன்னீருக்குப் பொறுக்கவில்லை. “பாதில நிறுத்துறதுக்கு ஆரம்பிக்கவே கூடாதுல்ல. ஆரம்பிச்சுட்டு நிறுத்துனா அது இன்னும் தரித்திரம்” என்றான். வாத்தியார் ஒருபடி மேலே போய், விட்ட பாதியை இப்போதே குடித்தால் அடுத்த ஆட்டமாவது தப்பும் என்றார். கொழுந்து என்னைப் பார்க்கவில்லை இந்தத் தடவை. எடுத்துக் குடித்தான்.

அவன் படி இறங்கும்போது நான் பின்னாலேயே போய்ப் பிடித்துக்கொண்டேன். நண்பன் என்றால் அவ்வளவாவது செய்ய வேண்டும்.

நவம்பர் 12, புதன்

ஜெயித்தோம். பாதியில் நிறுத்தவில்லை.

மாலையில் தேன்மொழி போன் செய்தாள். “அண்ணே, அங்க வந்து அவரு குடிக்கிறாரா? எங்கிட்ட உண்மைய சொல்லிடுங்க. நான் சண்ட போட மாட்டேன், ஆஸ்பத்திரிக்கி அழச்சிட்டுப் போவணும், அதுக்காகக் கேக்குறேன்.”

“சோடாதாம்மா குடிக்கிறான். என் கண்ணு முன்னாடி.”

“ஒங்க வாயால சொன்னா சரிண்ணே” என்று வைத்துவிட்டாள்.

சீசன் முடிய இன்னும் இரண்டு வாரம்தான். முடிந்ததும் நானே அவனைப் பாண்டிச்சேரிக்குக் காரில் அழைத்துப் போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டுவதாக இருக்கிறேன். செலவு என்னுடையது. இதை அவளிடம் சொல்லியிருக்கலாம், தோன்றவில்லை.

நவம்பர் 15, சனி

தமயந்தி பேசினாள். கடை எப்படி நடக்கிறது என்று கேட்டுவிட்டு, “கொழுந்து அண்ணன் திரும்பக் குடிக்கிறாராமே” என்றாள். யார் சொன்னது என்றேன். “யாரும் சொல்லல. தேனு அழுதுச்சு. ஒங்க ரூம்புக்கு வந்தா எவன் குடிக்காம இருந்திருக்கான்?”

நான் எப்போது வருகிறாய் என்று கேட்டதற்கு, “நீங்க எப்ப நிறுத்துறீங்களோ அப்ப” என்றாள். இதையே ஆடியிலும் சொன்னாள். ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசுவதில் பெண்களுக்கு ஒரு சுகம்.

பெல்ஜியத்து முறையில் செய்ததாம் இன்றைய பியர். கொத்தமல்லி விதை போடுகிறார்களாம். ரசத்தில் போடுவதை எல்லாம் இதில் போட்டால் மனிதன் எதைத்தான் நம்புவது. இருந்தாலும் நாலு குடித்தேன்.

நவம்பர் 22, சனி

அரையிறுதி ஜெயித்தோம். இறுதிப் போட்டி அடுத்த சனிக்கிழமை.

கொழுந்து நாற்காலியிலேயே தூங்கிவிட்டான். நடுவில் எழுந்து, “கெலிச்சோமா?” என்று கேட்டுவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டான். மதியழகன் யார் என்று வாத்தியாரைக் கேட்டான். எல்லோருக்கும் சிரிப்பு. பிறகு நான் மாத்திரம் சிரிப்பதை நிறுத்திவிட்டேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

படியில் விழுந்தான். மூக்கில் அடி. பன்னீர் அவனை பைக்கில் நடுவில் உட்கார வைத்து, வாத்தியார் பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொண்டு, வீட்டு வாசலில் இறக்கி விட்டுவிட்டு மணி அடித்து ஓடிவந்துவிட்டார்கள்.

நவம்பர் 24, திங்கள்

தேன்மொழி கடைக்கு வந்தாள். வாடிக்கையாளர்கள் குளியலறை டைல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகும்வரை ஒரு ஓரமாக நின்றாள். தண்ணீர் கொடுக்கச் சொன்னேன், வாங்கவில்லை.

“பியர்தாம்மா. அதுல என்ன இருக்கு, பாதித் தண்ணி” என்று நானே ஆரம்பித்தேன்.

“நான் அதக் கேக்க வரலண்ணே. ஒன்னு மட்டும் சொல்லுங்க. அவரு குடிக்காம ஒங்க பக்கத்துல ஒக்காந்திருந்தா ஒங்களுக்கு என்னண்ணே கொறஞ்சுபோயிருக்கும்?”

கபடி ராசியைப் பற்றி இவளிடம் என்ன சொல்வது. சொன்னால் புரியுமா. “நாங்க யாரும் அவன் வாயில ஊத்தலம்மா” என்றேன்.

என்னையே பார்த்தாள். அவன் முதல் நாள் பார்த்தானே, அதே பார்வை. புருஷனிடமிருந்து பழகியிருக்கிறாள் போல. எனக்குக் கோபம் வந்தது. என் கடையில், என் ஆட்கள் முன்னால். “வேலை கெடக்கும்மா” என்று உள்ளே போய்விட்டேன்.

அவள் கேட்டதை இங்கே எழுதிவிட்டேன். பதில் எழுத வேண்டும் என்று ஒன்றுமில்லை. குடியை விட்டிருந்த அந்த மாதங்களில் ஒரு நாள் கொழுந்து காலை எட்டு மணிக்குக் கடைக்கு வந்தான். என் மேசையடியில் இருந்த பாட்டிலைப் பார்த்துவிட்டு, “காலங்காத்தாலயா தணி?” என்றான். அவ்வளவுதான். திட்டவில்லை, புத்தி சொல்லவில்லை. டீ வாங்கி வரச் சொல்லி எனக்கும் ஒரு கிளாஸ் தந்துவிட்டுப் போனான். அந்த டீயை நான் குடிக்கவில்லை. அதை இப்போது ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நவம்பர் 28, வெள்ளி

கொழுந்தை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். புதன்கிழமையே சேர்த்தாயிற்றாம், எங்களுக்குச் சொல்லவில்லை. மின்துறை ஆள் ஒருவன் சொல்லித்தான் தெரியும்.

மூன்று பேரும் மேல் அறையில் கூடினோம். அவன் நாற்காலியில் பன்னீர் ஒரு டவலைப் போட்டு வைத்தான்.

“நாளைக்கி?” என்றான் பன்னீர்.

“நாளைக்கி என்னடா? ஆளே ஆஸ்பத்திரில கெடக்கான்” என்று வாத்தியார் சலித்துக்கொண்டார். பிறகு, “கெடக்குற எடத்துலேயே ஒரு சொட்டு பட்டாலும் கணக்குதான்” என்றார்.

என் வீட்டில்தான் வாய் சிறுத்த சின்ன ஃப்ளாஸ்க் இருக்கிறது. அது இருவருக்கும் தெரியும்.

நவம்பர் 29, சனி

நாலு மணிக்குப் பார்வையாளர் நேரம். போனேன்.

அவனைப் பார்த்ததும் வேறு கட்டிலுக்கு வந்துவிட்டோமோ என்று நினைத்தேன். முகம் மஞ்சள் பூசின மாதிரி, கை இரண்டும் குச்சி, வயிறு மட்டும் நிறைமாதம். தேன்மொழி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. நர்ஸ் மருந்துச் சீட்டைக் கொடுத்ததும் எழுந்து போனாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு நோயாளி தூங்கிக்கொண்டிருந்தார், அவருடைய மனைவி சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள்.

“கொழுந்து, நான்தான்டா தணி. இன்னைக்கி ஃபைனல்.”

கண்ணைத் திறந்தான். என்னைத் தேடிக் கண்டுபிடிக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஃப்ளாஸ்க்கைத் திறந்து காட்டினேன். நல்ல லாகர், அவன் முதல் வாய் குடித்த அதே வகை, தேடி வாங்கினேன்.

“வேணாம் மாப்ள” என்றான்.

தெளிவாகத்தான் சொன்னான். அத்தனை நாளாக உளறிக்கொண்டிருந்தவன், இதை மட்டும் முழுசாகச் சொன்னான். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

நான் கட்டாயப்படுத்தவில்லை. விரலை நனைத்து உதட்டில் தடவினேன், அவ்வளவுதான். நாக்கு வெளியே வந்தது. நக்கியது. மறுபடியும் வந்தது. இன்னொரு தடவை தடவினேன். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கமாக இறங்கியது. வேண்டாம் என்கிறவன் நக்குவானா. அதைத்தான் நான் கேட்கிறேன்.

வராண்டாவுக்கு வந்து மீதியை நானே குடித்தேன். வீணாக்குவானேன்.

ஜெயித்தோம். பதினாலு புள்ளி வித்தியாசம். ஆரம்பத்திலிருந்தே எதிரணி எழவில்லை. இரண்டாவது வருஷமாகக் கோப்பை நமக்கு. பன்னீர் வெடி வாங்கி வைத்திருந்தான். கொளுத்திவிட்டு வந்துதான் போன்களை எடுத்தோம்.

நவம்பர் 30, ஞாயிறு

கொழுந்து போய்விட்டான். நேற்று ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோதே. தேன்மொழி முதலில் எனக்குத்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

அடக்கத்துக்குப் போனோம். பன்னீர் அணியின் துண்டைக் கொண்டுவந்திருந்தான், உடம்பின் மேல் போர்த்த வேண்டும் என்று. நான் வேண்டாம் என்றேன். கேட்காமல் போர்த்தினான். கொழுந்தின் பெண் வந்து அதை எடுத்து மடித்து, பன்னீர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். பிளஸ் டூ படிக்கிறாள். அழவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் வாத்தியார், “அவன் கெலிக்க வெச்சுட்டுத்தான் போயிருக்கான்” என்றார். எனக்கு அழுகை வந்தது. ஓரமாக வண்டியை நிறுத்தச் சொல்லி அழுதேன். அவனுக்காகத்தான் அழுதேன்.

டிசம்பர் 3, புதன்

கடை திறக்கவில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

பன்னீர் போனை எடுப்பதில்லை. வாத்தியார் பனியனைத் துவைத்துவிட்டாராம். இருவரும் ஊரில், எல்லாம் தணிகாசலத்தின் வேலை, ஃப்ளாஸ்க் கொண்டுபோனதே அவன்தான் என்று சொல்லிக்கொண்டு திரிவதாகக் கேள்வி. முக்காலியில் கிளாஸை வைத்தது யார் என்று இந்த நோட்டில் இருக்கிறது. கொண்டுபோய்க் காட்டலாம் என்று எடுத்தேன். முதலிலிருந்து படித்துப் பார்த்துவிட்டு உள்ளேயே வைத்துவிட்டேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

இன்று கருமாதி. அழைப்பு வரவில்லை. ஆனாலும் போனேன். சாவுக்கும் கருமாதிக்கும் அழைக்கவா வேண்டும்.

எங்கள் பக்கத்தில் போனவருக்குப் பிடித்ததை எல்லாம் படத்துக்கு முன்னால் படைப்பது வழக்கம். சுருட்டு பிடித்தவருக்குச் சுருட்டு, கருவாடு பிடித்தவருக்குக் கருவாடு. அதனால் நல்ல பியராக ஒன்று வாங்கி, ஐஸில் வைத்து, ஈரத்துணி சுற்றிக் கொண்டுபோனேன். காலையிலிருந்து நான் எதுவும் தொடவில்லை. அவனுக்கு முதலில் வைத்துவிட்டுத்தான் என்று இருந்தேன்.

கூடம் நிறைய ஆட்கள். நான் குனிந்து வாழை இலைக்குப் பக்கத்தில், இட்லிக்கும் சுண்டலுக்கும் நடுவில், பாட்டிலை வைத்தேன். யாரோ பெரியவர், “வெச்சா வெக்கட்டும், அந்தப் பயலுக்குப் பிடிச்சதுதானே” என்றார்.

தேன்மொழி உள்ளேயிருந்து வந்தாள். பாட்டிலை இலை ஓரத்திலிருந்து எடுத்தாள்.

“இது அவருக்குப் பிடிக்காது மாமா” என்று அந்தப் பெரியவரிடம் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “பக்கத்து பெட்டுக்காரம்மா எல்லாம் சொன்னாங்க. வேணாம்னு சொன்னாராமே.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அணி, ராசி, கோப்பை என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. எதையும் அந்தக் கூடத்தில் சொல்ல முடியாது.

அவள் சமையல்கட்டிலிருந்து பாட்டில் ஓப்பனரைக் கொண்டுவரச் சொன்னாள். அவள் பெண்தான் கொண்டுவந்தாள். தேன்மொழி மூடியைத் திறந்து பாட்டிலை என்னிடம் நீட்டினாள்.

“குடிங்கண்ணே.”

“என்னம்மா இது, காரியம் நடக்குற எடத்துல.”

“அவருக்கு வேணாம். ஒங்களுக்கு வேணும்ல? குடிங்க. நாங்க பாக்குறோம்.”

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். நீட்டிய கை. நான் எப்போது நீட்டினேன் என்று தெரியவில்லை. மணிக்கட்டிலிருந்து விரல்வரை தானாக ஆடிக்கொண்டிருந்தது. எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணும் பார்த்தாள்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடக்க வேண்டும் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். கொழுந்து சொன்னானே, அந்த மாதிரி தெளிவாக ஒரு வார்த்தை. அவனுக்கு வந்தது எனக்கு வரவில்லை.

வாங்கிக் குடித்தேன். அவன் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டே, யாரும் பேசாத கூடத்தில், அடிவரை குடித்தேன். பாட்டிலைக் கீழே வைக்கும்போது கை நடுங்கவில்லை.